குன்றும் கடலும் குழந்தையின் பாடமும்

ஒரு நாட்டின் கல்வித் திட்டத்தை மதிப்பிட விரும்புவோர் அதன் பல்கலைக்கழகங்களை முதலிற் பார்ப்பது வழக்கம். அதனினும் நம்பத்தக்க உரைகல் ஒன்று உண்டு. ஏழெட்டு வயதுக் குழந்தை தன் வீட்டு வாசலிற் காணும் உலகுக்கும் அதன் கையிலுள்ள பாடநூலுக்கும் இடையே எத்தகைய உறவு இருக்கின்றது என்பதே அவ்வுரைகல். இவ்வுறவு உயிருள்ளதாயின், பின்னர் வரும் கல்வி அனைத்தும் நல்ல அத்திவாரத்தின்மீது எழும். இவ்வுறவு அறுந்து போயிருப்பின், பட்டம் பெற்ற பின்னரும் அம்மனிதன் தன் ஊரிலேயே அந்நியனாக வாழ்வான்.

ஆரம்ப வகுப்புகளிற் சுற்றாடலைக் கற்பிக்கும்போது மொழி, கணிதம், கலை, ஒழுக்கம் ஆகிய ஏனைய பாடங்களின் நோக்கங்களையும் அதனோடு பிணைத்தல் வேண்டும் என்னும் கருத்து இன்று எங்கும் ஏற்கப்பட்டிருக்கின்றது. அதை மறுப்பாரை நாம் கண்டதில்லை. எல்லோரும் ஏற்றுக்கொள்ளும் கருத்துக்கள் எல்லோராலும் கைவிடப்படுவதும் உண்டு. ஆகவே இக்கருத்தை ஓர் ஊரிலே நிறுத்தி வைத்து ஆராய்வது பயன்தரும் என எண்ணுகின்றோம். அதற்கு நாம் தெரிந்துகொண்ட இடம் திருகோணமலையின் ஓர்ஸ் ஹில்.

ஓர்ஸ் ஹில் உட்துறைமுகத்தை அடுத்த சிறு குன்று. கிழக்கு மாகாண நிர்வாகத்தின் பணிமனைகள் பலவும் இப்பகுதியிலேயே அமைந்துள்ளன. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்று புகழப்படும் நீர்ப்பரப்பு குன்றின் அடியிற் கிடக்கின்றது. தெற்கே விரியும் கொட்டியாரக்குடாவில், மத்திய மலைநாட்டிலே தோன்றி 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை கடலோடு கலக்கின்றது. துறைமுக வாயிலை அண்டியே ஆழ்கடற் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குவதால், பெரிய திமிங்கிலங்களும் கரைக்கு அண்மையில் வந்து போகின்றன. கிழக்கே கோணேசர் கோயில் கொண்ட பாறையும், புள்ளிமான்கள் திரியும் பிரட்றிக் கோட்டையும்; மேற்கே சீனன்குடாவில், ஆங்கிலேய ஏகாதிபத்தியம் தன் போர்க்கப்பல்களுக்காகக் கட்டிவைத்த நூறளவான எண்ணெய்த் தாங்கிகளும். சுற்றாடல் என்னும் பாடத்தை எழுத விரும்பும் ஆசிரியனுக்கு இதனினும் நிறைந்த ஏடு வேறு வேண்டுவதில்லை.

இனி, அந்த ஏட்டை வாசிக்கக் குழந்தைக்கு வகுக்கப்பட்ட முறையைப் பார்ப்போம்.

இலங்கையில் 1997ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் ஆரம்பக் கல்வியைப் புதிதாக அமைக்க முற்பட்டது. 1998இல் கம்பகா மாவட்டத்தில் முன்னோடியாகத் தொடங்கி, 1999இல் நாடெங்கும் முதலாந் தரத்தில் அது நடைமுறைக்கு வந்தது. தாய்மொழி, கணிதம், சமயம் ஆகியவற்றோடு ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்னும் பாடம் இடம் பெற்றது. முதலிரு தரங்களில் விளையாட்டுக்கு முதன்மை. அடுத்த இரு தரங்களில் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை ஆகியவற்றுக்கு ஏறத்தாழச் சம இடம். ஐந்தாந் தரத்தில் எழுத்துவேலைக்கு முதன்மை என்று படிகள் வகுக்கப்பட்டன.

அச்சீர்திருத்தத்தின் உயிர்நாடி பாடப் பெயர்களில் இல்லை. எல்லாப் பாடங்களுக்கும் பொதுவாக அது வகுத்த ஐந்து அடிப்படைத் தேர்ச்சிகளிலேயே உள்ளது. தொடர்பாடல், சுற்றாடல், ஒழுக்கமும் சமயமும், விளையாட்டும் ஓய்வும், கற்கக் கற்றல் என்பன அவை. தொடர்பாடல் என்பதனுள் எழுத்தறிவு, எண்ணறிவு ஆகியவற்றோடு, கோட்டாலும் வடிவத்தாலும் நிறத்தாலும் கருத்தைப் புலப்படுத்தும் சித்திர அறிவும் அடங்கும். சுற்றாடல் என்பது சமூகம், உயிரினம், பௌதிகம் என்னும் மூன்றையும் தழுவியது. கடதாசியிற் பார்க்கும்போது இது குறைகூற முடியாத திட்டம். குழந்தையின் அனுபவம் பாடவேளை மணியோசைக்குக் கட்டுப்பட்டுத் துண்டு துண்டாக நிகழ்வதில்லை என்ற உண்மையை அது ஏற்றுக்கொண்டது. இதனை நாம் மனமுவந்து பாராட்டுதல் வேண்டும்.

இவ்வெண்ணம் எமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1977 ஒக்டோபரில், அன்று சோவியத் ஒன்றியத்தின் பகுதியாயிருந்த ஜோர்ஜியாவின் திபிலீசி நகரில் யுனெஸ்கோ கூட்டிய மாநாடு, சுற்றாடற் கல்வி தனிப்பாடமாக ஒதுங்கிவிடாது பல துறைகளையும் ஊடறுத்துச் செல்லவேண்டும் என்று கூறிற்று. விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு என அது நோக்கங்களை ஐந்தாக வகுத்தது. இறுதியில் நிற்கும் பங்கேற்பு என்னும் சொல்லை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகின்றோம். அது பற்றிப் பின்னர் பேசுவோம்.

தமிழர்க்கு இதில் ஒரு தனிச்சிறப்பான முன்னுரிமை உண்டு. எமது பாடவிதானத்திற் பாட அலகுகளைக் ‘கருப்பொருள்’ என்று குறிக்கின்றோம். அச்சொல்லைத் தொல்காப்பியப் பொருளதிகாரம் எப்போதோ ஆண்டுவிட்டது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். அங்கு வாழும் மாந்தரின் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். புவியியல், தாவரவியல், இசை, பொருளியல் எனப் பின்னர் பிரிந்த துறைகள் அங்கே ஒரு கொத்தாக நிற்கின்றன. ஓர்ஸ் ஹில் குழந்தையின் நிலம் நெய்தல் என்று சொல்லி நாம் பெருமைப்படலாம். ஆனால் பெருமைப்பட்டு நின்றுவிடுதல் பழம்பெருமை பேசுவோரின் வழி. நாம் கவனிக்க வேண்டியது வேறு. அப்பட்டியலிற் பறவைக்கும் மரத்துக்கும் இடம் கொடுத்த இலக்கண ஆசிரியர் தொழிலுக்கும் இடம் கொடுத்தார். மீன் பிடிப்பதும் உப்பு விற்பதும் நிலத்தின் இயல்போடு சேர்த்தே எண்ணப்பட்டன. உழைப்பை நீக்கிய இயற்கை அவர் அறியாதது.

எமது முதற் குற்றச்சாட்டு இங்கேயே தொடங்குகின்றது. இன்றைய சுற்றாடற் பாடத்தில் உழைப்பு இருக்கின்றதா?

இருக்கின்றது என்று கூறுவோர் ‘எமக்கு உதவுவோர்’ என்னும் பாடத்தைக் காட்டுவர். ஆரம்ப வகுப்பு ஆசிரியர் அனைவருக்கும் பழக்கமான தலைப்பு அது. விவசாயி நெல் தருகிறார். மீனவர் மீன் தருகிறார். தபாற்காரர் கடிதம் தருகிறார். ஒவ்வொருவரும் புன்முறுவலோடு படத்தில் நிற்கின்றனர். அவர்கள் தருகின்றனர், நாம் பெறுகின்றோம், நன்றி கூறுகின்றோம். எமக்கு என்னும் சொல்லிலேயே ஒரு சமுதாயப் பிரிவு ஒளிந்திருக்கின்றது. வகுப்பிலே மீனவனின் பிள்ளை இருக்கும்போது ‘மீனவர் எமக்கு உதவுகிறார்’ என்ற வாக்கியத்தை அப்பிள்ளை எவ்வாறு வாசிக்கும்? தன் தகப்பன் யாருக்கு உதவுகிறான் என்று அது நினைக்கும்? மீன் என்ன விலைக்குக் கரையில் வாங்கப்பட்டது, சந்தையில் என்ன விலைக்கு விற்கப்பட்டது, இடையில் நின்றவர் யார் என்ற வினாக்கள் எழும்போதுதான் உதவி என்னும் சொல் மறைத்து வைத்த உண்மை வெளிப்படும். குழந்தைகளுக்கு இது கடினம் என்பர். உழைப்பாளி வீட்டுக் குழந்தை இவ்வினாக்களை இரவுச் சாப்பாட்டின்போதே கேட்டு வளர்கின்றது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

மாறாகச் சுற்றாடல் என்றவுடன் எமது வகுப்பறைச் சுவர்களில் தோன்றுவது என்ன? மலை, அருவி, வண்ணத்துப்பூச்சி, ‘மரம் நடுவோம்’ என்னும் சுலோகம். அழகுணர்ச்சியை நாம் இகழவில்லை. ஆனால் மனிதன் இல்லாத இயற்கை, நகரத்து ஓய்வாளன் கண்ட இயற்கை. ஓர்ஸ் ஹில்லின் அடியிற் கிடக்கும் கடல் உல்லாசப் பிரயாணிக்கு ஒரு காட்சி; வலை இழுப்பவனுக்கு அது வேலைத்தலம். எந்தக் கடலைப் பாடநூல் கற்பிக்கின்றது என்பது ஒரு வர்க்கப் பிரச்சினையேயாகும்.

இரண்டாவது குற்றச்சாட்டு பரீட்சையைப் பற்றியது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை நற்பிறப்புடையது. நாற்பதுகளில், இலவசக் கல்வியின் தந்தை எனப் போற்றப்படும் கன்னங்கராவின் காலத்தில், வறிய கிராமப் பிள்ளைகளை மத்திய கல்லூரிகளுக்குத் தெரிந்தெடுக்கும் நோக்கோடு அது தோன்றியது. ஆனால் நல்ல பாடசாலைகள் சிலவாகவும், அவற்றை விரும்புவோர் பலராகவும் இருக்கும் சமுதாயத்திற் பரீட்சை தன் பிறப்பை மறந்துவிடுகின்றது. 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அதற்குத் தோற்றினர். பத்து வயதுப் பிள்ளை மாலையிலும் விடுமுறையிலும் தனியார் வகுப்புக்குச் செல்வது ஊர் வழக்காயிற்று.

இதனாற் சுற்றாடலுக்கு நேர்ந்தது யாது? நான்கு ஆண்டுகளாகப் பாடங்களை இணைக்க முயன்ற திட்டம், ஐந்தாவது ஆண்டில் வினாத்தாளின் முன்னே சிதறுகின்றது. சுற்றாடல் என்பது குறுவிடைகளின் தொகுதியாகின்றது. மிக நீண்ட ஆறு எது? மகாவலி. அது கடலிற் கலக்குமிடம் யாது? திருகோணமலை. புள்ளிகள் கிடைத்துவிட்டன. குன்றின்மேலிருந்து பார்த்தாலே தெரியும் கொட்டியாரக்குடாவில், மாரி காலத்து ஆற்றுநீர் ஏன் செம்மண் நிறங்கொண்டு வருகின்றது என்று எவரும் கேட்பதில்லை. அந்த மண் எங்கிருந்து வருகின்றது? மலைச்சரிவுகளிலிருந்து. அச்சரிவுகளிற் காடழித்துக் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்டவர் யார்? அங்கே இன்றும் கொழுந்து பறிப்போர் யார்? ஒரு வினாவிலிருந்து புவியியலும், வரலாறும், மலையகத் தமிழ்த் தொழிலாளரின் வாழ்வும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வருகின்றன. பாடங்களை ஊடறுக்கும் நோக்கம் என்றால் இதுவே. இத்தகைய வினாவுக்கு ஒற்றை விடை இல்லாமையாற் பரீட்சையில் இதற்கு இடமில்லை. பரீட்சையில் இல்லாததற்கு வகுப்பறையிலும் இடமில்லாது போயிற்று.

மூன்றாவதாக நாம் கூறப்போவது முற்போக்காளராகிய எமக்கே ஓர் எச்சரிக்கை. குழந்தையின் கல்வியை அதன் சுற்றாடலிலிருந்து தொடங்குக என்னும் சுலோகம் எப்போதும் மக்கள் சார்பானது என்று எண்ணிவிடலாகாது. வரலாறு வேறு பாடமும் புகட்டுகின்றது.

1932இல் கன்னங்கராவின் ஆதரவோடு கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தெஸ்ஸவிற் கிராமியக் கல்வித் திட்டம் தொடங்கிற்று. கிராமத்தின் பயிர், நலவாழ்வு, தொழில் ஆகியவற்றை மையமாகக் கொண்டு பாடங்களை இணைப்பது அதன் நோக்கம். 1937இல் வார்தாவிற் கூடிய மாநாட்டிலிருந்து எழுந்த காந்தியடிகளின் ஆதாரக் கல்வியும் கைத்தொழில், இயற்கைச் சூழல், சமுதாயச் சூழல் என்னும் மூன்றையும் மையமாக வைத்துப் பாடங்களைத் தொடர்புபடுத்த முனைந்தது. இரண்டும் தூய எண்ணத்திற் பிறந்தவை. எனினும் மக்கள் அவற்றை முழுமனத்தோடு ஏற்கவில்லை. காரணம் வெளிப்படையானது. ஆங்கிலம் கற்ற பிள்ளைக்கு உத்தியோகம். தோட்டம் கொத்தக் கற்ற பிள்ளைக்குத் தோட்டம். தங்கள் பிள்ளைகளுக்குத் தரப்படுவது இரண்டாந்தரக் கல்வியோ என்று கிராமத்துப் பெற்றோர் ஐயுற்றதை அறியாமை என்று நாம் ஒதுக்க முடியாது. அது அனுபவத்திற் பிறந்த ஐயம்.

இவ்வையம் எத்துணை நியாயமானது என்பதைத் தமிழகத்தின் வரலாறு காட்டிற்று. 1953இல் அன்றைய சென்னை மாகாண முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் கிராமப் பிள்ளைகளின் பள்ளிநேரத்தை மூன்று மணியாகக் குறைத்தது; எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. மக்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டனர். எதிர்ப்பு நாடெங்கும் எழுந்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. சுற்றாடலிலிருந்து கற்றல் என்பதற்கும் சுற்றாடலிற் கட்டிப்போடுதல் என்பதற்கும் இடையிலுள்ள எல்லை எவ்வளவு மெல்லியது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று இல்லை.

ஆகவே நாம் ஐயத்திற்கிடமின்றிக் கூறவேண்டியது இது: மீனவனின் பிள்ளை வலையைப் பற்றிக் கற்பது, அது நாளை வலை இழுக்கவேண்டும் என்பதற்காக அன்று. அந்த வலையின் கண்ணளவு, கடலின் நீரோட்டம், மீனின் விலை ஆகியவற்றை இயக்கும் விதிகளை அது அறியவேண்டும் என்பதற்காக. அப்பாடத்தை வைத்தியரின் பிள்ளையும் அதே வகுப்பில் அதே கவனத்தோடு கற்றல் வேண்டும். வறியோர்க்குச் சுற்றாடல், வசதி படைத்தோர்க்குப் பாடங்கள் என்ற பிரிவினை தலைகாட்டும் இடத்தில் ஒருங்கிணைப்பு என்னும் சொல்லே பொய்யாகிவிடும்.

இன்னொரு அனுபவத்தையும் ஒளிக்காமற் பேசுவோம். புரட்சிக்குப் பின்னர் சோவியத் நாட்டில், குருப்ஸ்காயா முதலியோரின் வழிகாட்டலில் 1923இல் வெளிவந்த பாடத்திட்டம் தனிப்பாடங்களை நீக்கி, இயற்கை, உழைப்பு, சமுதாயம் என மூன்று நிரல்களில் அறிவு முழுவதையும் அடக்க முயன்றது. நோக்கம் உன்னதமானது. ஆனால் எண்ணும் எழுத்தும் முறையாகப் படிப்படியாகக் கற்பிக்கப்படாமல், தலைப்போடு ஒட்டவைக்கப்பட்ட போலித் தொடர்புகளாய்க் குறுகின. 1931 செப்தெம்பரில் கட்சியின் மத்திய குழு, பாடசாலைகள் போதிய பொது அறிவைத் தரவில்லை என்று கண்டித்து, ஒழுங்கான பாடமுறைக்குத் திரும்பும்படி பணித்தது. அத்திரும்பலோடு வந்த இறுக்கத்தை நாம் ஆதரிக்கவில்லை. ஆயினும் அதிலிருந்து பெறும் படிப்பினை எமக்கு வேண்டும். மொழிக்கும் கணிதத்துக்கும் உள்ளேயே ஒரு படிமுறை உண்டு. கூட்டல் தெரியாத பிள்ளைக்குப் பின்னம் வராது. சுற்றாடல் என்னும் தலைப்பு அப்படிமுறையைக் கலைத்துவிடாமல், அதற்கு வேலை கொடுக்க வேண்டும். பாடங்களின் இணைப்பு பாடங்களின் அழிவன்று.

குற்றம் கூறி நின்றுவிடுதல் விமரிசனத்தின் முழுக்கடமை ஆகாது. ஓர்ஸ் ஹில் வகுப்பொன்றிற் செய்யத்தக்கவை சிலவற்றை எடுத்துக்காட்டுவோம். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை.

முதலாவது, கடலின் ஏற்றவற்றம். திருகோணமலையில் அது சிறியது. ஒரு மீற்றரையும் எட்டாது. நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்கும். பெரியவர் ஒருவர் துணையோடு நான்காந் தரப் பிள்ளைகள் துறையோரம் அடையாளமிட்ட கழியொன்றை ஊன்றி, குறித்த நேரங்களில் நீர் நின்ற அளவை எழுதட்டும். பூரணை, அமாவாசை நாட்களில் வேறுபாடு மிகுவதை அவர்களே காண்பர். அளத்தலும் அட்டவணையிடுதலும் கணிதம், கோட்டுப்படம் சித்திரம், சந்திரனுக்கும் கடலுக்கும் உள்ள உறவு விஞ்ஞானம், கண்டதை நான்கு வாக்கியத்தில் எழுதுதல் மொழி. முதியவர் ஒருவரிடம் வாடை, சோளகம், கச்சான் எனக் காற்றுக்களின் பெயர்களையும் பருவங்களையும் கேட்டறிதல் சமூகக் கல்வி. இங்கே ஒவ்வொரு பாடமும் தன் வேலையைச் செய்கின்றது. ஒன்று மற்றொன்றுக்கு வெறும் அலங்காரமாக நிற்கவில்லை.

இரண்டாவது, கரைவலை. ஒரு நாட் பிடிப்பு 60,000 ரூபாவுக்கு விற்கப்பட்டது எனக் கொள்வோம். செலவு 12,000 போக எஞ்சுவது 48,000. அதிற் பாதி வலைக்கும் தோணிக்கும் உரியவருக்கு. மீதி இழுத்த 16 பேருக்கு என்றால், ஆளுக்கு 1,500 ரூபா. ஐந்தாந் தரப் பிள்ளை இக்கணக்கைச் செய்யும். செய்து முடித்த பின்னர் வகுப்பில் ஒரு பிள்ளையாவது ஏன் பாதி என்று கேட்கும். ஆசிரியர் அவ்வினாவை அடக்காதிருந்தாற் போதும். வலையின் விலை, பழுது பார்க்கும் செலவு, மீன் படாத நாளின் நட்டம் ஆகியவற்றையும் எடுத்துக்கூறி, நியாயமான பங்கு எது என்று பிள்ளைகளே வாதிடட்டும். எண்ணறிவும் ஒழுக்கக் கல்வியும் இவ்வாறு சந்திக்குமாயின், நீதிக்கதைகள் பத்து கற்பிக்காததை அது கற்பிக்கும்.

மூன்றாவது, கோட்டையின் புள்ளிமான்கள். அவை நகர வீதிகளிலும் உலாவுகின்றன. குப்பையிற் கிடக்கும் பொலித்தீனை உணவோடு விழுங்கி மடிகின்றன. மானுக்கு இரங்குக என்று பாடம் முடிந்துவிடலாம். அல்லது, ஒரு வாரம் தங்கள் வீட்டிற் சேரும் பொலித்தீன் பைகளை எண்ணிக் கூட்டி, அவை எங்கிருந்து வந்தன என்று வகைப்படுத்தி, நகர நிர்வாகத்துக்குப் பிள்ளைகள் ஒரு கடிதம் எழுதலாம். கடிதம் எழுதுதல் மொழிப்பாடத்தில் எவ்வாறேனும் கற்பிக்கப்படுவதுதான். இல்லாத மாமாவுக்கு எழுதும் கடிதத்துக்குப் பதில் வராது. இக்கடிதத்துக்குப் பதில் வரவேண்டும். திபிலீசி மாநாடு கூறிய பங்கேற்பு இத்தகையதே. சுலோக அட்டை பிடித்து ஊர்வலம் போவது பங்கேற்பின் நிழல் மாத்திரம்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் இவ்வரிசையிற் சேர்க்கலாம். ஏழு கிணறுகளுக்கும் இடையே வெப்பம் வேறுபடுகின்றது. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக அவற்றைத் தோற்றுவித்தான் என்பது ஐதிகம். நிலத்தின் ஆழத்துக்குச் சென்று வெப்பமேறி மீளும் நீர் என்பது விஞ்ஞானம். கதையை அழித்துவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. அது மொழிப்பாடத்தில் வாழட்டும். வெப்பமானியின் அளவை கணிதத்தில் வாழட்டும். இரண்டும் இருவகை அறிவு என்பதைப் பிள்ளை உணர்வதே முக்கியம். பாடங்களை இணைக்கிறோம் என்று கூறி ஐதிகத்தை வரலாறாகவும் வரலாற்றை ஐதிகமாகவும் கலந்து ஊட்டுவது இணைப்பாகாது, அது மயக்கம்.

இவையெல்லாம் வெறும் கற்பித்தல் நயங்கள் என்று எவரேனும் கருதுவராயின், அவர்க்கு 2004 டிசெம்பர் 26ஐ நினைவூட்டுவோம். அன்று காலை இந்து சமுத்திரம் எழுந்தபோது இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். திருகோணமலை மாவட்டத்தின் கரையோரமும் அழிவைக் கண்டது. அதே நாளில், நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அண்மையிலிருந்த இந்தோனேசியாவின் சிமெலு தீவில், ஏறத்தாழ 78,000 மக்களுள் மாண்டோர் எழுவரே. 1907இல் அத்தீவைப் பேரலை தாக்கியது. அதன் நினைவை அம்மக்கள் ‘ஸ்மொங்’ என்னும் ஒரு சொல்லில் அடக்கி, கதையாகவும் பாட்டாகவும் தாலாட்டாகவும் தலைமுறை தலைமுறையாகக் கைம்மாற்றி வந்தனர். நிலம் பலமாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மேட்டை நோக்கி ஓடு என்பதே அதன் சாரம். இலக்கியமும் விஞ்ஞானமும் வரலாறும் அங்கே தனித்தனிப் பாடவேளைகளாகப் பிரிந்திருக்கவில்லை. தாய்லாந்தின் புக்கெட் தீவுக் கடற்கரையில், இங்கிலாந்துச் சிறுமி டில்லி சிமித், பத்து வயதினள், சில வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பிற் கற்றதை நினைவுகூர்ந்து கடலின் குறிகளைக் கண்டு எச்சரித்ததால் ஏறத்தாழ நூறு பேர் தப்பினர். பத்து வயது எமது புலமைப்பரிசிற் பரீட்சையின் வயது. அவ்வயதுப் பிள்ளையின் அறிவு எதற்காக என்ற வினாவுக்கு இதனினும் தக்க விடை உண்டோ?

திருகோணமலைக்குச் சிறப்பாக உரிய ஒரு பிரச்சினையையும் தொடாமற் செல்ல முடியாது. இந்நகரிற் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழ்கின்றனர். பிள்ளைகள் தமிழ்மொழிப் பாடசாலையிலும் சிங்களமொழிப் பாடசாலையிலும் பிரிந்து கற்கின்றனர். தாய்மொழிக் கல்வி அடிப்படை உரிமை. அதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. ஆனால் ஒரே குடாவை, ஒரே காற்றை, ஒரே மீனை இருமொழியிலும் கற்கும் பிள்ளைகள் தாம் ஒரே சுற்றாடலிற் கற்கிறோம் என்பதை அறியாமலே வளர்வது பெருந்துயரம். போரும் இடப்பெயர்வும் கண்ட மண் இது. கடலளந்த அட்டவணையை ஒரு பாடசாலை மறு பாடசாலையோடு ஒப்பிடட்டும். மீன்களுக்கும் காற்றுகளுக்கும் அவரவர் வழங்கும் பெயர்களைப் பரிமாறட்டும். இன ஒற்றுமை பற்றிய மேடைப் பேச்சுக்கள் பலவற்றினும் இச்சிறு பரிமாற்றம் வலிமை மிக்கது. சமூகச் சுற்றாடல் என்று பாடவிதானம் குறிப்பது இதனையன்றி வேறு யாதாக இருக்க முடியும்?

வரலாறும் அவ்வாறே. 1942 ஏப்பிரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கின. எமது மக்களுக்கு எவ்விதச் சம்பந்தமும் இல்லாத இரு ஏகாதிபத்தியங்களின் போர் எமது வாசலில் நடந்தது. 1957இல் கடற்படைத்தளம் பிரித்தானியரிடமிருந்து இலங்கையின் கைக்கு வந்தது. ஆழமும் பாதுகாப்பும் உடைய துறைமுகம் என்பது பௌதிகப் புவியியல். அதை ஏன் பேரரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக விரும்பின என்பது அரசியல். பிள்ளை குன்றின்மேல் நின்று இரண்டையும் ஒரே பார்வையிற் காணலாம்.

இத்தனையையும் ஆசிரியரின் தலையிற் சுமத்துகின்றோமோ என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. ஆரம்ப வகுப்பிற் பெரும்பாலும் ஓர் ஆசிரியரே எல்லாப் பாடங்களையும் கற்பிப்பது இணைப்புக்கு வாய்ப்பான அமைப்புத்தான். ஆனால் நெருக்கடி மிகுந்த வகுப்பும், நிரப்பவேண்டிய பதிவேடுகளும், பெற்றோரின் பரீட்சை ஏக்கமும், மேலதிகாரியின் மேற்பார்வையும் சேர்ந்து அவரைப் பாடநூலின் பக்கத்துக்குப் பக்கம் தள்ளிச் செல்கின்றன. பாடநூலோ தலைநகரிலே திட்டமிடப்பட்டு நாடு முழுவதற்கும் ஒரே வடிவில் வருவது. நுவரெலியாவின் குளிரையும் திருகோணமலையின் உப்புக்காற்றையும் ஒரே பக்கம் விளக்க முடியாது. ஆகவே எமது கோரிக்கை ஆசிரியரிடம் தியாகம் கேட்பதன்று. அதிகாரத்திடம் இடம் கேட்பது. பாடவேளையில் ஒரு பகுதி ஊர்ப்பாடத்துக்கு ஒதுக்கப்படுக. அதை வகுக்கும் உரிமை அவ்வூர் ஆசிரியர் கூட்டத்துக்கு வழங்கப்படுக. வகுப்பறைக்கு வெளியே பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியருக்குக் காவலும் துணையும் அளிக்கப்படுக. பத்து வயதிற் பிள்ளைகளைப் பிரித்துத் தள்ளும் பரீட்சையின் பிடி தளர்த்தப்படுக. அதற்கு வழியாக, எல்லாப் பாடசாலைகளும் நல்ல பாடசாலைகளாக்கப்படுக. இறுதிக் கோரிக்கை நிறைவேறாதவரை முன்னையவை அரைகுறையாகவே நிற்கும் என்பதையும் நாம் அறிவோம். கல்விச் சீர்திருத்தம் சமுதாய மாற்றத்துக்குப் பதிலாகாது. அம்மாற்றத்தை விரும்பும் மனிதரை அது உருவாக்கும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பதும், அதற்குக் கீழ் இறங்குவதும் தவறு.

இவ்விதழின் வாசகருட் பெரும்பாலோர் ஆசிரியரும் மாணவருமே. பணிமனைகளின் சுற்றுநிருபத்துக்காகக் காத்திராது அவர்கள் தொடங்கத்தக்க வேலை ஒன்று உண்டு. தத்தம் ஊரின் நீர், மண், காற்று, தொழில், கூலி, சொல்வழக்கு, பாட்டு ஆகியவற்றைத் திரட்டி, ஆரம்ப வகுப்புப் பிள்ளை வாசிக்கத்தக்க எளிய தமிழில் ஊருக்கொரு சிறு ஏடு எழுதுக. வகுப்பறையிற் சோதித்துத் திருத்துக. அயலூர் ஆசிரியரோடு பரிமாறுக. அதிலே மான்கள் இருக்கட்டும், திமிங்கிலங்களும் இருக்கட்டும். வலை இழுப்போரின் நாட்கூலி விடுபடாதிருக்கட்டும்.